பிளாட்பாரத்தில் சைக்கிள் ஓட்டினால் தப்புங்களா?

பீளமேட்டுக்காரன்:
பையன் பிளஸ் ஒன். பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில்தான் போய்வருகிறான். அவிநாசி ரோட்டில் பஸ் போகிற வேகத்தைப் பார்த்துப் பயந்து, பிளாட்பாரத்திலேயே போய்க்கோ சாமி என்று சொல்லிவைத்தது நான்தான். போன வாரம் காய் வாங்கிக்கொண்டு போன ஒரு அம்மா மேல் ஹேண்டில்பார் இடித்து, தக்காளியெல்லாம் ரோட்டில். நல்லவேளை, அடி இல்லை. அவர் மகன் கேஸ் கொடுப்பேன் என்று ஒரே சத்தம். சட்டம் என்னங்க சொல்லுது?

பழைய பெடல்:
பிளாட்பாரத்தில் வண்டி ஏற்றக் கூடாது என்கிற சாலை விதி மோட்டார் வண்டிக்காரர்களுக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மிதிக்கிற சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. அதுக்காகத் தப்பிச்சோம்னு நினைக்க வேண்டாம், பொதுவழியில் அடுத்தவருக்குக் காயம் ஆகிற மாதிரி அசட்டையாக ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தில் 281வது பிரிவு இருக்கிறது, அது எந்த வண்டிக்கும் பொருந்தும், 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

காலைநடை:
எனக்கு 68 வயசு, ஒரு காது மந்தம். முதுகுக்குப் பின்னால் திடீரென்று மணி அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது? பதறி நான் ஒதுங்குகிற பக்கமே சைக்கிளும் வரும். பையனைக் குத்தம் சொல்லவில்லை கண்ணு, சிக்னலில் நிற்கப் பொறுக்காமல் பிளாட்பாரத்தில் ஏறுகிற பைக்குகள்தான் பெரிய இம்சை. ஆள் இருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சிங்காநல்லூர் சைக்கிள்:
சாலைகளுக்குத் தரம், அளவு வகுக்கிற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி, நடக்க மட்டுமே குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் விட வேண்டும். நம்ம ஊரில் அதில் டிரான்ஸ்ஃபார்மர் பாதி, பேக்கரிக்கு முன்னால் டீ கிளாஸோடு நிற்கிறவர்கள் மீதி. இன்னொன்று, பிளாட்பாரம் பத்திரம் என்பதே பாதி பிரமைங்க. கேட்டிலிருந்து வெளியே வருகிற கார்க்காரர் ரோட்டில் வண்டி வருகிறதா என்றுதான் பார்ப்பார், பிளாட்பாரத்தில் வேகமாக ஒரு சைக்கிள் வரும் என்று நினைக்கவே மாட்டார். நான் ஒருமுறை அப்படித்தான் பானெட்டில் போய் உட்கார்ந்தேன். உள்வீதி இருந்தால் அதில் விடுங்கள், சுற்றுதான், பரவாயில்லை.

பீளமேட்டுக்காரன்:
சரிங்க. நேற்று நானே கூடப் போய் உள்வீதி வழியைக் காட்டிவிட்டேன், 10 நிமிடம் கூடுதலாகிறது. மெயின் ரோட்டைக் கடக்கிற இடத்தில் மட்டும் இறங்கி உருட்டுகிறான். அந்தம்மா வீட்டுக்கும் ரெண்டு கிலோ தக்காளியோடு போனோம், மகன் இன்னும் முறைக்கிறார், அந்தம்மா மட்டும் காபி கொடுத்தார்.