சுயேச்சையாக நிற்கும் எங்கள் சீனியருக்காக

வணக்கம் நண்பர்களே. எங்கள் சீனியர் வக்கீல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் சுயேச்சையாக நிற்கிறார். சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. சரி, இப்போதைக்கு ஜூனியர்கள் நாலு பேர்தான் அவருடைய கட்சி.

டெபாசிட் 25,000 ரூபாய் தயார். செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது போய்விடும் என்று அவருக்கும் தெரியும். தலைவலி, வேட்புமனுவில் கையெழுத்துப் போடும் முன்மொழிபவர்கள்தான். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அத்தனை பேருக்கும் அதே தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும். அவருக்கே ஓட்டு மதுரையில்! திருமங்கலத்தில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாவது ஆள், சீனியர் நிலவழக்கு நடத்திக்கொடுத்த ஒரு பாட்டி. பேனாவை நீட்டினால், சிரித்துக்கொண்டே கட்டைவிரலைக் காட்டுகிறார். கைநாட்டை நாமே வாங்கினால் செல்லாது, அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டும்.

பாட்டியை விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வரை அழைத்துப் போக வேண்டுமா, திருமங்கலத்திலேயே முடியுமா? முன்பு மனு போட்டவர்கள் சொல்லுங்கள். ஆள் மாற்றலாம் என்றால் சீனியர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அப்புறம், சின்னத்துக்கு மூன்று விருப்பம் எழுத வேண்டும். கிராமத்தில் பார்த்ததும் பிடிபடுகிற சின்னமாக எதைக் கேட்கலாம்?