மோசடி அழைப்பு, எஸ்எம்எஸ் வந்தால் நம்பரை பிளாக் செய்தால் மட்டும் போதுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
திருச்சியில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு சாயங்காலம் எஸ்எம்எஸ் வந்தது. போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு கரண்ட் கட், உடனே அதிகாரியை அழைக்கவும் என்று. அப்பா பதறவே இல்லை. "நம்மகிட்ட ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதானே ரீடிங் எடுக்கிறாங்க, போன மாச பில் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. அந்த எண்ணுக்குப் பேசினால் திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள். பிறகு பத்து ரூபாய் கட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நாம் தட்டுவதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

செய்தி எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். மின்வாரியமோ வங்கியோ பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து அனுப்பாது. எழுத்துகளால் ஆன பெயரில்தான் வரும். இப்போது அதன் கடைசியில் விளம்பரம் என்றால் 'பி', அரசுச் செய்தி என்றால் 'ஜி' என்று ஓர் எழுத்தும் இருக்கும்.

பிளாக் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கே வேறு சிம்மிலிருந்து வருவார்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் 'சக்ஷு' என்ற பகுதியில் புகார் கொடுங்கள். நாம் கொடுப்பதை வைத்துத்தான் அந்த இணைப்பையே ஆராய்கிறார்கள்.

கோவைக்காரி:
என் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால். காக்கிச் சட்டையில் ஒருவர், "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, போனை வைக்கக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று மிரட்டல். பெரியம்மா "என் பையன்கிட்ட கேட்டுட்டுப் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். இப்படி வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டுவதைத்தான் டிஜிட்டல் கைது என்கிறார்கள். அப்படி நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். ஆனாலும் தனியாக இருக்கும் வயதானவர்களை இன்னும் இப்படித்தான் குறி வைக்கிறார்கள், வயிறு எரிகிறது. வாட்ஸ்அப் பிரைவசி அமைப்பில் தெரியாதவர் அழைப்பைச் சத்தமில்லாமல் ஆக்கும் வசதி உண்டு. பெரியம்மா போனில் அதைப் போட்டுவிட்டேன். இப்போது நிம்மதியாக இருக்கிறார்.

மலைக்கோட்டை:
லோன் வேணுமா, பிளாட் வேணுமா என்று வரும் தொல்லைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட் 0' என்று அடித்து, விளம்பரம் வேண்டாதவர்கள் பட்டியலில் சேர்க்கும் 1909 எண்ணுக்கு அனுப்பினேன். நன்றாகவே குறைந்தது. ஆனால் அது முறையாகப் பதிவு செய்த கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்தும். திருடன் எந்தப் பட்டியலைப் பார்க்கப் போகிறான்?

கூரியர் பையன் போலப் பேசி, *401* என்று தொடங்கும் எண்ணை அடிக்கச் சொன்னார் ஒருவர். அடித்தால் நமக்கு வரும் அழைப்புகள் அவருக்குத் திரும்பிவிடும், ஓடிபி அழைப்பும் சேர்த்துத்தான். யாராவது ஏற்கெனவே அடித்திருந்தால் ##002# அடியுங்கள், ரத்தாகிவிடும்.

காவிரிக்கரை:
கோவைக்காரி அக்கா, அந்த வாட்ஸ்அப் எண்ணை சக்ஷுவில் போட்டீர்களா? அழைப்பு வந்து 30 நாளுக்குள் என்றால் இன்னும் போடலாம். ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். பணம் போயிருந்தால் சக்ஷு வேண்டாம், நேராக சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.