வேலையிடத்தில் எழுத்தறிவு வகுப்பு: பலனை எப்படி அளப்பது?

கேட்டவர்: தென்றல்
வணக்கம். சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்பத்தூரில் ஒரு கார்மெண்ட்ஸ் யூனிட்டில், ஷிஃப்ட் முடிந்ததும் பெண்களுக்குத் தமிழ் எழுத, படிக்க, கணக்குப் போட வகுப்பு நடக்கிறது. அதன் தாக்கம்தான் என் ஆய்வு. முதலாளி "உற்பத்தி கூடுமா?" என்று மட்டும் கேட்கிறார். கைடு, வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரு தேர்வு வைக்கச் சொல்கிறார். அது போதுமா?

பதில்: தையல்காரி
தேர்வு வையுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நான் கார்மெண்ட்ஸில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் லைனில் ஓவர்லாக் ஓட்டும் ஓர் அக்கா, லீவ் லெட்டர் என்றாலே பக்கத்து மெஷின் பெண்ணிடம் தாளை நீட்டுவார். வகுப்புக்கு வர ஆரம்பித்த பிறகு, ஒரு சம்பள நாளில் சீட்டோடு நேராக டைம் ஆபீஸுக்குப் போனார். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கட்டத்தில் விரலை வைத்து, "நான் பார்த்தது இதைவிட அதிகம், குறிச்சு வெச்சிருக்கேன்" என்று சின்ன நோட்டை நீட்டினார். திருத்திக் கொடுத்தார்கள். இது எந்தத் தேர்வில் வரும்? லீவ் ஃபாரத்தை யார் நிரப்புகிறார்கள், துணிக்கட்டோடு வரும் பண்டில் டிக்கெட்டில் சைஸைத் தானே பார்க்கிறாரா, கைநாட்டா கையெழுத்தா, பி.எஃப். பிடித்தம் எவ்வளவு என்று தெரியுமா... இதையெல்லாம் வகுப்பு தொடங்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்: கிண்டி ராஜா
உற்பத்தி பற்றி ஒன்று. தைக்கும் உடையின் ஸ்டைல் மாறினாலே லைனின் உற்பத்தி மாறும். அதனால் ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் அத்வர்யு, காலா, நியாஷதம் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் செய்த ஆய்வில், பயிற்சிக்கு விருப்பம் தெரிவித்த பெண்களில் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது; இடம் கிடைக்காதவர்கள்தான் ஒப்பிடும் குழு. உற்பத்தி நன்றாகவே கூடியது, கம்பெனிக்குப் போட்ட காசைவிடப் பல மடங்கு திரும்பியது. சம்பளம் மட்டும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்தது பேச்சுத்திறன், நேர மேலாண்மை போன்றவை. எழுத்தறிவு வகுப்புக்கு அந்தக் கணக்கை அப்படியே காட்டி முதலாளிக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிரிட்டனில் வுல்ஃப், எவன்ஸ் என்ற ஆய்வாளர்களின் குழு வேலையிட எழுத்தறிவு வகுப்புகளைப் பல வருடம் பின்தொடர்ந்தது. தேர்வு மதிப்பெண்ணில் ஏற்றம் கொஞ்சம்தான். வேலையில் படிக்கவும் எழுதவும் வாய்ப்பு கிடைத்தவர்கள் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள்.

தென்றல்
நன்றி. கேட்பவர்கள் அதிகம், இடம் குறைவு. குலுக்கலுக்கு முதலாளியிடம் பேசுகிறேன். தையல்காரி அக்கா, இந்தத் தகவலை எல்லாம் பெயர் போட்டு எழுதலாமா?

தையல்காரி
வேண்டவே வேண்டாம். எண் கொடுங்கள், பெயர்ப் பட்டியல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். யாருக்குப் படிக்க வராது என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்தால், ஆள் குறைக்கும்போது அந்தப் பெயர்தான் முதலில் அடிபடும். ஆபீஸ் ரூமில் பேட்டி எடுக்காமல், சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம், பாதியில் நின்றவர்களை விட்டுவிடாதீர்கள். கம்பெனி வேன் ஆறு மணிக்குக் கிளம்பிவிடும், பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை என்று காரணம் வரும். அதை முதலாளிக்குத் தரும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். வகுப்பை ஷிஃப்ட் நேரத்துக்குள் வைக்கச் சொல்லிக் கேட்க அதுதான் கைகொடுக்கும்.