புதுப்பிப்பு: பேலன்சிங் ரோபோ ஒரு பக்கமா ஓடினதுக்குக் காரணம் கிடைச்சிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, ரெண்டு சக்கர ரோபோ முதல்ல நல்லா நிக்குது, கொஞ்ச நேரத்துல மெதுவா ஒரு பக்கமா ஓட ஆரம்பிச்சிடுதுன்னு, அது சரியாயிடுச்சு! "கன்ட்ரோலர விடுங்க, கால்மன் ஃபில்டரோட இன்னோவேஷன பிளாட் பண்ணுங்க"ன்னு சொன்னவருக்கு ரொம்ப ரொம்ப நன்றி. கால்மன் ஃபில்டர்னா சென்சார் அளவையும் தன்னோட கணிப்பையும் கலந்து ரோபோவோட சாய்வு கோணத்த மதிப்பிடுற கணக்கு, கன்ட்ரோலர்னா அந்தக் கோணத்தப் பாத்து மோட்டார ஓட்டுற பகுதி.

இன்னோவேஷன்னா சென்சார் சொன்ன கோணத்துக்கும் ஃபில்டர் எதிர்பார்த்த கோணத்துக்கும் உள்ள வித்தியாசம். எல்லாம் சரியா இருந்தா அது சுழியத்தச் சுத்தி தாறுமாறா ஆடணும், ஒரு மதிப்ப வச்சு அடுத்தத ஊகிக்கவே முடியக்கூடாது. எனக்கு ஒரே பக்கமா சாஞ்சே கிடந்துச்சு. ஏன்னா ஜைரோ (சுழலும் வேகத்த அளக்குற சென்சார்) பயஸ், அதாவது அது ஒரே பக்கமா கூட்டியோ குறைச்சோ காட்டுற பிழை, மாறாதுன்னு நெனச்சு அதோட ப்ராசஸ் நாய்ஸ (அது தானா எவ்ளோ மாறலாம்னு ஃபில்டருக்குச் சொல்ற அளவு) சுழியம்னு போட்டு வச்சிருந்தேன், அதனால பயஸுக்கான கெய்ன் (புது அளவப் பாத்து மதிப்பீட்ட எவ்ளோ திருத்தணும்ங்கறது) போகப்போக செத்துப்போச்சு, ஆனா சென்சார் சூடாக சூடாக நிஜ பயஸ் நகர்ந்துக்கிட்டே இருக்கு, ஃபில்டர் பழைய மதிப்பையே புடிச்சுட்டு நின்னுருக்கு. அந்த ப்ராசஸ் நாய்ஸுக்கு ஒரு சின்ன மதிப்பு கொடுத்தேன், ஓட்டம் நின்னுடுச்சு.

இன்னொரு தப்பு, ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்த அளக்குற சென்சார்) நாய்ஸ, அதாவது அதோட அளவுல வர்ற தாறுமாறான ஆட்டத்த, மோட்டார் ஆஃப்ல அளந்தது. சக்கரத்த தூக்கி வச்சு மோட்டார ஓடவிட்டு அளந்தா அதிர்வுல வேரியன்ஸ் (அந்த ஆட்டத்தோட சிதறல் அளவு) எங்கேயோ போகுது!

எல்கியூஆர் கெய்ன (கன்ட்ரோலர் எவ்ளோ பலமா திருத்தணும்னு சொல்ற எண்கள) தொடவே இல்ல. லீனியர் மாடல் (நேர்கோட்டுச் சமன்பாடு), காஸியன் நாய்ஸ் (மணி வடிவத்துல பரவுற நாய்ஸ்), குவாட்ரேட்டிக் காஸ்ட் (பிழையோட வர்க்கத்த வச்சு போடுற செலவு)னா மதிப்பீட்டையும் கட்டுப்பாட்டையும் தனித்தனியா டிசைன் பண்ணலாம்னு படிச்சத கண்ணால பாத்தது அவ்ளோ சந்தோஷம். இந்த ஃபில்டர் 1960ல கால்மன் எழுதினது, அப்போலோ நிலாவுக்குப் போக வழி கணக்கு போட்டதும் இதுலதான்.

அடுத்து சரிவான பலகைல விட்டுப் பாக்கப்போறேன்.