8 திரை, 8 ரசிகர்கள், ஒரே ஆல்பம்: குரல்கள் ஏன் விலகுகின்றன?

நிழல்மேசை:
தென்னாப்பிரிக்க வீடியோ கலைஞர் கேண்டிஸ் பிரெய்ட்ஸ் 2005-ல் செய்த ‘கிங்’ என்ற படைப்பின் முறையில் ஒரு காட்சி அமைக்கிறோம். அதில் மைக்கேல் ஜாக்சன் ரசிகர்கள் 16 பேர் பெர்லின் ஸ்டுடியோவுக்கு ஒவ்வொருவராக வந்து ‘த்ரில்லர்’ ஆல்பம் முழுவதையும் பாடினார்கள். 16 திரைகளும் சேர்ந்து ஓடும். ஜாக்சன் குரல் மட்டும் எங்கும் கேட்காது. எங்களிடம் 8 திரை, படம் ஓட்ட 8 ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினி). எல்லாவற்றையும் ஒரே நொடியில் ஆரம்பித்தும், 40-வது நிமிடத்தில் குரல்கள் எதிரொலி மாதிரி பிரிகின்றன. பதிவிலும் பின்னணியில் ஒரு கசகசப்பு. உரிமை யாரிடம் வாங்குவது?

கேபிள்சுருள்:
ஒன்றாகத் தொடங்குவது போதாது. ஒவ்வொரு பையும் தன் கடிகாரத்தை நம்பி ஓடுகிறது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகினாலே 40 நிமிடத்தில் 0.12 நொடி, ஒன்று முந்தி இன்னொன்று பிந்தினால் 0.24 நொடி. படத்தில் இது பெரிதாகத் தெரியாது, பாட்டில் உடனே தெரியும்.

அதனால் ஒலியைப் பைகளிடமிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே கணினி, 8 வெளியீடு உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி), திரைக்கு ஒரு ஸ்பீக்கர். எட்டுக் குரலும் ஒரே கடிகாரத்தில் ஓடும்போது விலக வழியே இல்லை. பைகள் மௌனப் படம் மட்டும் ஓட்டட்டும். ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக அந்த இடத்துக்குத் தாவச் சொல்லுங்கள். 6 நிமிடப் பாட்டில் பிசகு 18 மில்லிநொடிதான், அரை ஃபிரேம். என்கோட் செய்யும்போது பாட்டின் முதல் ஃபிரேம் கீஃப்ரேமாக, அதாவது முழுப் படமாகவே சேமித்த ஃபிரேமாக, இருக்க வேண்டும். இல்லையென்றால் தாவல் வேறு இடத்தில் போய் விழும்.

மைக்பக்கம்:
கசகசப்பு ஹெட்ஃபோன் கசிவாகத்தான் இருக்கும். ரசிகர் காதில் ஓடும் அசல் பாட்டு மைக்கில் ஏறுகிறது. ஒரு பதிவைத் தனியாகக் கேட்டால் அது பாட்டு என்று பிடிபடாது. எட்டையும் ஒரே மிக்ஸில் கூட்டினால் வெவ்வேறு குரல்கள் சுமார் 9 டெசிபல் ஏறும்; எட்டிலும் ஒன்றேயான கசிவு 18 வரை ஏறும். வராமல் இருக்க வேண்டிய நட்சத்திரம் இப்படித்தான் உள்ளே வந்துவிடுகிறார். இந்த வகைப் படைப்புக்கு இதைவிடப் பெரிய சேதம் இல்லை. காதை அடைக்கும் இன்-இயர் ஹெட்ஃபோன் கொடுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், மைக்கை வாய்க்கு அருகே வையுங்கள்.

ரசிகர் காதில் ஓடும் வழிகாட்டி ஒலியை, வீடியோவில் வழக்கமான 48 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரே தடவை மாற்றி, எட்டுப் பேருக்கும் அதே கோப்பை ஓட்டுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒன்று: இரண்டுக்கும் இடையிலான நீளத்தை ஒப்பிட்டால் கேமராவின் பிசகு தெரிந்துவிடும். பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். த்ரில்லர் 42 நிமிடம். கேமரா விஷயத்தில் இதை முதலில் பாருங்கள்.

உரிமைப்பக்கம்:
ரசிகர்களே பாடுவதால், கசிவு இல்லாதவரை, ரெக்கார்டு கம்பெனியின் ஒலிப்பதிவை நீங்கள் பயன்படுத்தவில்லை. வரியும் மெட்டும் வேறு கணக்கு. அவற்றைப் படத்தோடு சேர்க்க மியூசிக் பப்ளிஷரிடம் நேரடியாக அனுமதி வாங்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு கவர் ஒலிப்பதிவுக்கு மட்டும்தான்; வீடியோவுக்கு அதை நம்ப வேண்டாம். த்ரில்லரின் 9 பாட்டில் 4 ஜாக்சன் எழுதியவை, 3 ராட் டெம்பர்டன், மீதி இரண்டும் வேறு ஆட்கள். ஒரே கடிதத்தில் முடியாது. கூடத்தில் ஒலிக்கவிட ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர், பப்ளிஷர்களின் உரிமைச் சங்கம்) உரிமத்தையும் கேளுங்கள்.

பாடுபவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கும்போது எத்தனை பிரதி, எங்கெல்லாம் காட்டப்படும் என்பதையும் சேருங்கள்.

நிழல்மேசை:
நன்றி, ஒலியைப் பிரித்துவிடுகிறோம். கிட்டார் சோலோ வரும்போது பாட எதுவும் இல்லையே, அங்கே வெட்டலாமா?

மைக்பக்கம்:
வெட்டாதீர்கள். பிரெய்ட்ஸ் உடை, கையில் என்ன வைத்திருப்பது, இசைப் பகுதியில் என்ன செய்வது எல்லாவற்றையும் ரசிகரிடமே விட்டார். வரி இல்லாத அந்த நேரத்தில்தான் ஒருவர் அந்தப் பாட்டோடு எப்படி வாழ்ந்திருக்கிறார் என்பது உடம்பில் தெரியும். முழு உடலும் ஃபிரேமில் இருக்கட்டும். அப்படியானால் செங்குத்துத் திரைதான் சரி.