சீசன் நடுவில் கழன்று போகும் கெஷுவல் பொடியன்மாரை எப்படி நிறுத்தி வைப்பது?

நிலாவெளிக்காரன்:
திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் சின்ன ஹோட்டல் ஒன்றில் ஆள் பார்க்கிற வேலை எனக்கு. மே மாதம் வெயிட்டர், ரூம், கிச்சன் என்று நாள் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறோம், ஓகஸ்டில் புறாத்தீவு பார்க்கச் சனம் குவிகிற நேரம் பார்த்துப் பாதிப் பேர் பக்கத்து ஹோட்டலுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேயும் இதே சம்பளம்தான். வட்ஸ்அப் குரூப் இருக்கு, சாப்பாடும் கொடுக்கிறோம். வேறு என்ன செய்வது?

மூதூர்ப் பொடியன்:
அண்ணா, குரூப்பில் எத்தனை மணிக்கு மெசேஜ் போடுவீர்கள்? முன்பு நான் நின்ற இடத்தில் இரவு பத்துக்குப் பிறகுதான் "விடிய 6க்கு வா" என்று வரும், முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தால் "புக்கிங் குறைவு, நாளைக்கு வா" என்பார்கள், பஸ் காசும் போய் அன்றைய நாளும் போய்விடும். முதல் நாளே சொன்னால் மேசன் வேலைக்காவது போயிருப்பேனே. இப்போது நிற்கிற இடத்தில் ஒரு கிழமை றோஸ்டர், யாருக்கு எந்த நாள் வேலை என்ற அட்டவணை, சனிக்கிழமையே வந்துவிடும். சம்பளம் ஒரு சதம் கூட இல்லை, ஆனாலும் இங்கேதான் நிற்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறீர்களா? 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி கெஷுவலுக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. சம்பளத்தில் பொடியன் 8%, முதலாளி 12%, அதோடு ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% முதலாளி கையிலிருந்து. கட்டினால் கட்டியதைச் சொல்லுங்கள். சேர்விஸ் சார்ஜ் 10% பில்லில் போகிறது, யாருக்கு எவ்வளவு என்று வாய் திறக்காவிட்டால் பொடியன்மார் தாங்களே ஒரு கணக்குப் போடுவார்கள், அது உண்மைக் கணக்கை விடப் பெரிதாகத்தான் இருக்கும்.

கிண்ணியா அக்கா:
குரூப்பில் போடுவது எந்த மொழியில் தம்பி? எங்கள் இடத்தில் எல்லாம் இங்கிலிஷில் வரும், கிச்சன் ஆட்களுக்கு விளங்காது, கேட்கவும் வெட்கம். வொய்ஸ் மெசேஜ் போட்டால் முடிந்த கதை. பெண் பிள்ளைகள் குரூப்பில் பதில் போடமாட்டார்கள், அவர்களுக்குத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டும். அப்புறம், ஒக்டோபரில் மழை தொடங்கியதும் எல்லாரையும் மறந்துவிடுகிறீர்கள். நல்ல பொடியன்மார் தெற்கே ஹிக்கடுவைப் பக்கம் சீசனுக்குப் போகிறார்கள், மே வந்து தேடாமல் மார்ச்சிலேயே ஒரு கோல் எடுங்கள்.

நிலாவெளிக்காரன்:
சனிக்கிழமை றோஸ்டர் சரி, போடலாம். ஆனால் எங்களுக்குப் பாதி புக்கிங் முதல் நாள் இரவுதான் வருகிறது, அதனால் ஆளை வரவழைத்துத் திருப்பி அனுப்பினால் அரை நாள் காசு கொடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்கிறேன். சேர்விஸ் சார்ஜ் கணக்கைச் சுவரில் ஒட்டச் சொன்னால் மனிசன் என்னையே கெஷுவல் ஆக்கிவிடுவார்.