புதுப்பிப்பு: இஞ்சி பியர் போத்தல் இனி வெடிக்காது

கச்சான் காற்று வீசும் நாட்களில் மட்டக்களப்பு வெக்கைக்கு வீட்டு இஞ்சி பியர் கண்ணாடிப் போத்தலை வெடிக்க வைக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது பிளாஸ்டிக் சோடாப் போத்தல் யோசனைதான். இஞ்சி, சீனி, தேசிக்காய், ஈஸ்ட் எல்லாம் பழைய அளவே. நாலு விரல் இடம் விட்டு நிரப்பி, ஈரச்சாக்கு சுற்றி வைத்து, அடிக்கடி அமுக்கிப் பார்த்தேன். முதலில் விரல் மெத்தென்று உள்ளே போகும். ஈஸ்ட் விடும் வாயு ஏற ஏற போத்தல் இறுகி, கடைசியில் அமுக்கவே முடியாது. உடனே பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். இங்கே மறுநாள் காலையிலேயே இறுகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, வேகம்தான் குறைகிறது. பிரிட்ஜில் இருந்த போத்தலும் நாளாக நாளாக இன்னும் இறுகியது. கெதியாகக் குடித்து முடியுங்கள்; மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள்.